தாமதச் சீட்டு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால்தான் எங்கள் இருவரோடும் ஒத்துப்போகாமல் தனிக்கட்சி நடத்துகிறது. உன் உடம்பு எப்படி, உன் மனைவியும் மகளும் சுகமா என்று எழுது. போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ சண்டைக்கு வருகிறாய், நாலாவதில் நான் வைத்துவிடுகிறேன். கடிதமென்றால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் பொறுத்துத்தான் ஆகவேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இருபத்தாறு வருஷம் பஸ் பாஸ் கவுன்டரில் முத்திரை குத்திக்கொண்டிருந்தவளைத் தூக்கி "முன்னாள் மாணவர் உறவு மையம்" என்ற இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். மையம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ளாதே. பழைய ஜெராக்ஸ் அறைதான். மையும் தூசியும் இன்னும் மணக்கின்றன.

புதுத் துணைவேந்தர் எங்கேயோ ஒரு பெரிய பல்கலைக்கழகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். அங்கே ஐம்பது வருஷத்துக்கு முன்னால் படித்தவர்கள்கூடச் சின்னம் போட்ட தொப்பியோடு வந்து கண்கலங்குகிறார்களாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு கட்டடம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்களாம். நம்மிடம் படித்தவர்களுக்கு ஏன் கண் கலங்குவதில்லை என்று கூட்டத்தில் கேட்டார். "கலங்குறதுக்குள்ள பஸ் வந்துரும் சார்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

போன மாதம் பெருமை வாரம் கொண்டாடினோம். சாயங்காலம் நாலு மணிக்கு மைதானத்தில் புதுப் பல்கலைக்கழகப் பாட்டு. முதல் வண்டி நாலு பத்துக்கு என்பது உனக்குத் தெரியும். இரண்டாவது சரணம் வரும்போது மைதானத்தில் பாடியவரும், ஒலிபெருக்கிக்காரரும், நானும்தான் இருந்தோம். தைத்து வந்த இரண்டாயிரம் தொப்பிகளும் என் அறையில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. நாற்காலி கேட்டு எழுதிய மனுவுக்குப் பதில் வராததால் ஒரு பெட்டியின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

முன்வாசலில் வளைவு கட்டப் போகிறார்கள். நன்கொடை தருகிறவர்களின் பெயரை அதில் செதுக்குவார்களாம். நீயும் ஏதாவது அனுப்பு. கூடவே, படித்த காலத்தைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுது. "சொந்தத் தம்பிகிட்டயே வாங்க முடியாதவங்க ஊர்ல யார்கிட்ட வாங்கப் போறீங்க" என்று பதிவாளர் குத்திக்காட்டுகிறார். வேண்டுகோள் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
அக்கா

பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் சுகம். அம்மாவை மாடிப்படி ஏறவேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். நீ சொன்னால் கேட்கமாட்டாள்.

தாளைப் படித்தேன். "பெருமைமிகு முன்னாள் மாணவரே" என்று ஆரம்பிக்கிறது. இதை எழுதியவர் எந்த வண்டியில் வந்து படித்தார் என்று விசாரித்து எழுது.

எனக்கு என்ன பெருமை இருக்கிறது, அக்கா? மூன்று வருஷம் அங்கே எனக்கு உட்கார ஓர் இடம் கிடையாது. மதியச் சாப்பாட்டை மூன்றாவது கட்டடத்தின் படிக்கட்டில் வைத்துச் சாப்பிட்டோம். படியில் உட்கார்ந்ததற்கு அபராதம் போட்டார்கள். நின்றுகொண்டு சாப்பிட்டோம், வராந்தாவில் கூட்டம் கூடியதாக எழுதினார்கள். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் கம்பியைப் பிடித்துத் தொங்கியது என் கை. அந்தக் கையால் பாராட்டி நாலு வரி எழுதவேண்டுமாம்.

வளைவு எங்கே வரப்போகிறது? முன்வாசலில். பரீட்சை ஒன்பதரைக்கு என்றாலும் ஒன்பது மணிக்கே மூடுவார்களே, அதே வாசலில். கடைசி வருஷப் பரீட்சையன்று பதினான்காம் எண் வண்டி பாலத்தில் படுத்துவிட்டு ஒன்பது இருபதுக்கு வந்து சேர்ந்தது. கதவைத் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்கள். காவலாளி கடிகாரத்தைக் காட்டினான். மற்றவர்கள் அடுத்த வருஷம் பணம் கட்டி எழுதினார்கள். ஒட்டடைக்குச்சி என்று நாங்கள் கூப்பிட்ட அந்த நெட்டையனால் மட்டும் முடியவில்லை. எங்கள் வகுப்பிலேயே கெட்டிக்காரன் அவன். கணக்கில் எனக்குப் பாதி சொல்லிக்கொடுத்தது அவன்தான். அவன் பெயரையும் உங்கள் வளைவில் செதுக்குவீர்களா?

இங்கே என் வேலை உனக்குத் தெரியும். லிஃப்ட்டுக்குத் தகுதிச் சான்று தருவது. மூடுகிற கதவுக்கு நடுவே கையை வைத்தால் கதவு திரும்பத் திறக்கவேண்டும். திறக்காத லிஃப்ட் தங்கத்தில் செய்ததாக இருந்தாலும் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உன் பல்கலைக்கழகத்துக்கும் போடமாட்டேன் என்று பதிவாளரிடம் சொல்.

அம்மாவுக்கு என் வணக்கம். உன் மேல் எனக்குக் கோபமில்லை.

தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு இரண்டு நாள் மாடி ஏறவில்லை. மூன்றாம் நாள் ஏறிவிட்டாள். எனக்கு உடம்பு சரியாக இருக்கிறது, உன் கடிதத்தைப் படித்த பிறகு ரத்தக்கொதிப்பு மட்டும் கொஞ்சம் கூடியிருக்கிறது.

என் மேல் கோபமில்லை என்று எழுதியிருக்கிறாயே, ரொம்ப உபகாரம். அந்த இடத்தில் இருபத்தாறு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவளிடம் "உன் பல்கலைக்கழகம்" என்று சொல்லிவிட்டுக் கோபமில்லை என்றால் என்ன அர்த்தம்? ஒன்றையும் மறந்துவிடாதே. அன்றைக்கு நீ வெளியே நிற்கவில்லை. சைக்கிள் கொட்டகைப் பக்கத்துச் சின்னக் கதவைத் தட்டினாய், டெப்போக்காரர்கள் வந்துபோக என்னிடம் கொடுத்திருந்த சாவியால் நான்தான் திறந்தேன். வேலை போயிருக்கும். உன்னை உள்ளே இழுத்துப் பூட்டிய பிறகு பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். வெளியே இன்னும் பதினொரு பேர் நின்றார்கள் என்பதே பரீட்சை முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நீ சொல்லவில்லை. பதற்றத்தில் மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன்.

இதற்காக நன்றி கேட்டு நான் ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் கம்பியைப் பிடித்துக் கெஞ்சியவன் மாதிரி எனக்கே கடிதம் எழுதாதே.

நீ சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. துறைவாரியாகத் தொள்ளாயிரம் தாள் அனுப்பினோம், பதினாறு பதில் வந்தது. அதில் ஒன்பது "இந்த முகவரியில் இல்லை". கல்லில் நார் உரிக்கிற வேலைதான். ஆனால் உன் கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். நீ எந்தத் துறை என்று எழுதவில்லை, எந்த ஆண்டு என்றும் எழுதவில்லை. பதினான்காம் எண் வண்டி என்றுதான் எழுதினாய்.

என் பழைய பாஸ் பதிவேடுகள் முப்பத்தொன்று பரணில் கிடக்கின்றன. பெயர், வீட்டு முகவரி, வண்டி எண், ஏறும் நிறுத்தம் எல்லாம் என் கையெழுத்தில். இனிமேல் துறைவாரியாக இல்லை, வண்டிவாரியாக எழுதப்போகிறேன். அச்சடித்த தாள் வேண்டாம், கையால் எழுதுகிறேன். "நீங்கள் 9-ஆம் எண் வண்டியில் மூன்று வருஷம் வந்தவர். உங்கள் பாஸில் முத்திரை குத்தியவள் எழுதுகிறேன்." இப்படி ஆரம்பம்.

பதிவாளருக்கு இது தெரியாது. நீயும் வாயைத் திறக்காதே.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாயா? மகளுக்குப் பல் விழுந்து பேசும்போது காற்று போகிறது, பார்த்தால் சிரிப்பாய்.

வண்டிவாரியாக எழுதுவது நல்ல யோசனை. ஒன்பது, இருபத்தொன்று, முப்பத்திரண்டு எல்லாவற்றுக்கும் எழுது. பதினான்கை மட்டும் விட்டுவிடு. அந்த வண்டிக்காரர்கள் யாரும் தரமாட்டார்கள், தபால்தலைதான் வீண்.

வேலை அதிகம். மற்றவை பிறகு.

தம்பி

ஏப்ரல் 19

அன்புள்ள தம்பிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன். பல் விழுந்தவளுக்கு முத்தம்.

பதினான்கை விடச்சொல்லி நீ எழுதிய கடிதம் வருவதற்குள் பதினான்குக்கு எழுதி அனுப்பிவிட்டேன். நம் வண்டியாயிற்றே என்று முதலில் அதற்குத்தான் எழுதினேன்.

தபால்காரர் என்னைப் பார்த்தால் முறைக்கிறார். முந்நூற்று நாற்பது பதில்கள். ஒன்பதாம் எண் வண்டியில் வந்த பெண் இப்போது பல் மருத்துவர். "டிரைவருக்குப் பின்னாடி ரெண்டாவது ஜன்னல் எங்களுடையது, அதில் இப்போது யார் உட்காருகிறார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறாள். இருபத்தொன்றின் ஃபுட்போர்டில் தொங்கி வந்த ஐந்து பேர் இன்றைக்கும் மாதம் ஒருமுறை சந்திக்கிறார்களாம். பேராசிரியர் ஒருவர் பெயரும் ஞாபகமில்லையாம், கண்டக்டர் பெயர் ஞாபகமிருக்கிறதாம்.

எல்லோரும் தரத் தயாராக இருக்கிறார்கள். ஆனால் ஒருவர்கூட வளைவுக்குத் தருவதாக எழுதவில்லை. பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட ஓர் அறை, குடை வைக்க ஓர் இடம், பரீட்சையன்று கதவை மூட இன்னும் அரைமணி அவகாசம். இவ்வளவுதான் கேட்கிறார்கள். இதைச் சொன்னதற்குப் பதிவாளர் என்ன சொன்னார் தெரியுமா? "சாப்பாட்டு ரூம்ல யாரும்மா நின்னு போட்டோ எடுத்துக்குவாங்க?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தொப்பிப் பெட்டியை ஓர் உதை விட்டேன். கால்விரல் வீங்கியிருக்கிறது.

இன்னொன்று. நான் ஒரு தப்புச் செய்திருக்கிறேன், செய்ததில் வருத்தமில்லை. அவர்கள் பட்டியலில் பட்டம் வாங்கியவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். என் பதிவேட்டில் பாஸ் வாங்கியவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அதனால் பாதியில் நின்றுபோனவர்களுக்கும் கடிதம் போய்விட்டது. உன் ஒட்டடைக்குச்சிக்கும் போயிருக்கும்.

பார்க்கலாம்.

அக்கா

மே 4

தம்பி,

இன்று ஒட்டடைக்குச்சி நேரில் வந்தான். இப்போது டெப்போவில் நேரக் காப்பாளன். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போனது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று எழுதுகிற வேலை. தலை நரைத்துவிட்டது, உயரம் மட்டும் குறையவில்லை. தொப்பிப் பெட்டியில் உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தான்.

என் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தான். "நான் உங்க காலேஜ்ல படிச்சு முடிச்சவன் இல்லக்கா. தப்பா அனுப்பிட்டீங்களோன்னு கேக்கத்தான் வந்தேன்" என்றான். தப்பில்லை என்றேன். கடிதத்தை மறுபடி மடித்துப் பையில் வைத்தான். பிறகு சொன்னான்:

"உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்லக்கா. அன்னைக்கு உங்க தம்பி உள்ள வந்து எங்க பதினொரு பேருக்காகவும் உங்ககிட்ட கேட்டான். நீங்க முடியாதுன்னுட்டீங்க. உங்க வேலைய நீங்க பாத்தீங்க. நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லிருப்பேன்."

நீ என்னிடம் கேட்டாயா?

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் மிக நலம். அம்மாவின் முழங்காலுக்கு இங்கே ஒரு தைலம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், தெரிந்தவர் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். இந்த மாதம் மழை அதிகம். நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றில் ஆறு லிஃப்ட்டுக்கும் சான்று தரும் வேலை, மூச்சுவிட நேரமில்லை. உன் கால்விரல் சரியாகிவிட்டதா?

நீ கேட்டிருந்தபடி முன்வாசல் வளைவுக்காக என் பங்கை இத்துடன் காசோலையாக வைத்திருக்கிறேன். பதிவாளரிடம் கொடுத்துவிடு. பெயர் செதுக்கவேண்டாம்.

அனைவருக்கும் என் அன்பு.

தம்பி

ஜூன் 13

தம்பிக்கு,

அம்மா நலம். விரல் சரியாகிவிட்டது. கிழித்த காசோலை இத்துடன்.

பிப்ரவரியில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியவனுக்கு ஜூனில் எப்படி வளைவின் மேல் பாசம் வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய், அதையும் எனக்கே பரிமாறுகிறாய். நான் மழையைப் பற்றிக் கேட்கவில்லை. நாற்பது மாடியைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒட்டடைக்குச்சி மறுபடி வந்தான். எவ்வளவு பணம் தருகிறான் என்று நான் கேட்கவேயில்லை, அவனாகவே சொன்னான். "பணம் கிடையாதுக்கா, இருந்தாலும் தரமாட்டேன். ஒண்ணு செய்யுறேன். பரீட்சை அன்னைக்கு எந்த வண்டி லேட்டானாலும் டெப்போ முத்திரை போட்டு ஒரு சீட்டு எழுதித் தரேன். எத்தனை நிமிஷம், எதனால, வண்டியில எத்தனை பிள்ளைங்க, எல்லாம் இருக்கும். அந்தச் சீட்டுக்கு நீங்க கதவத் திறந்துவிடணும். அவ்வளவுதான்."

இத்தனை வருஷத்தில் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு யாராவது உருப்படியாக ஒன்றைத் தருகிறேன் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. எழுதிப் பதிவாளரிடம் வைத்தேன். நன்கொடைப் படிவத்தில் "பட்டம் பெற்ற ஆண்டு" என்ற இடம் காலியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். நேரில் போய்க் கேட்டதற்கு, "பஸ்காரன் சீட்ட வச்சு யுனிவர்சிட்டி நடத்தச் சொல்றீங்களா? முதல்ல அந்தாளு நம்ம ஸ்டூடன்ட்டே இல்லையேம்மா" என்றார். ஏன் இல்லை என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும்.

நீ என்னிடம் கேட்டாயா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை எழுது. அதற்கு மேல் எழுதினால் படிக்கமாட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

இல்லை.

அதற்கு மேல் படிக்கமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். இருந்தாலும் எழுதுகிறேன். இந்த இரண்டு மாதத்தில் ஆறு கடிதம் எழுதிக் கிழித்தேன்.

ஒன்பது இருபதுக்கு இறங்கினோம். முன்வாசலில் ஆகாது என்று தெரிந்ததும், அக்காவிடம் போய்ச் சொல்லிச் சின்னக் கதவைத் திறக்கச் சொல்கிறேன், எல்லோரும் சேர்ந்து வந்தால் காவலாளி பார்த்துவிடுவான், நீங்கள் இங்கேயே இருங்கள் என்று நான்தான் சொன்னேன். உள்ளே பையைக் கொண்டுபோகக் கூடாது என்று என் பையை ஒட்டடைக்குச்சியிடம் கொடுத்தேன். "சீக்கிரம் வாடா" என்றான்.

நீ கதவைத் திறந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். நீ பயந்திருந்தாய். இன்னும் பதினொரு பேர் என்று சொன்னால் யோசிப்பாய் என்று தோன்றியது. யோசித்தால் என்னையும் வெளியே தள்ளிவிட்டுப் பூட்டிவிடுவாய் என்று தோன்றியது. நீ சட்டம் பார்க்கிறவள், அக்கா. ஒரு நிமிஷம் தாமதமாக வந்தவனுக்குப் பாஸில் முத்திரை குத்தியதில்லை. அதனால் வாயை மூடிக்கொண்டு ஓடினேன்.

மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். அவன் மட்டும் வெயிலில் என் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பைக்குள் இருந்த என் சாப்பாட்டை அவன் தொடக்கூட இல்லை. "அக்கா முடியாதுன்னுட்டாங்கடா" என்றேன். அது எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் பையைக் கொடுத்தான். "கேள்வி ஈஸியாடா?" என்று கேட்டான்.

அவன் அப்பாவுக்கு அப்போது வேலை போயிருந்தது. இன்னொரு வருஷம் படிக்கவைக்க அந்த வீட்டில் வழியில்லை. அது எனக்கும் தெரியும்.

பல்கலைக்கழகத்தின் மேல் எனக்குக் கோபம் என்று இருபத்திரண்டு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். கோபம் நிஜம்தான். ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

தம்பி

செப்டம்பர் 3

தம்பிக்கு,

அம்மா நலம், அவளிடம் சொல்லவில்லை. நான் நலமில்லை.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்பார்கள். பாவத்தை நீ வைத்துக்கொண்டாய், பழியை என் தலையில் வைத்தாய். அதுகூடப் பரவாயில்லை. தம்பியின் பழியைச் சுமக்காத அக்கா உண்டா என்று யாராவது கதை கட்டிவிட்டுப் போகட்டும். எனக்கு வயிறு எரிவது வேறொன்றுக்கு.

நான் முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன் என்று நீயே முடிவு செய்தாய். உண்மையைச் சொல்கிறேன், நீ கேட்டிருந்தால் திறந்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. நாலு நாளாக யோசிக்கிறேன். அந்தக் காலத்தில் நான் பயந்தவள். ஒருவேளை பூட்டியிருப்பேன். ஒருவேளை பதினொரு பேரையும் உள்ளே விட்டிருப்பேன், வேலை போயிருக்கும், அவன் இன்றைக்குக் கணக்கு வாத்தியாராகியிருப்பான். எது என்று தெரிந்துகொள்ளக்கூட நீ விடவில்லை. பாவியே, அது என் கேள்வி. அதற்குப் பதில் சொல்கிற உரிமை எனக்கு இருந்தது. உன் பரீட்சையை நீ எழுதினாய், என் பரீட்சையையும் நீயே எழுதி ஃபெயில் மார்க் போட்டுவிட்டாய்.

வளைவு பாதி எழுந்துவிட்டது. சீட்டு விஷயத்தில் துணைவேந்தர்வரை போனேன். "நல்ல ஆலோசனை, பரிசீலிப்போம்" என்றார். பரிசீலனை என்றால் என்ன என்று இருபத்தாறு வருஷத்தில் எனக்குத் தெரியாதா? பரீட்சை நவம்பர் ஐந்தாம் தேதி ஆரம்பம்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

அக்கா

நவம்பர் 8

தம்பிக்கு,

அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. உன் மகளுக்குப் புதுப்பல் முளைத்துவிட்டதா?

ஐந்தாம் தேதி நடந்ததை எழுதுகிறேன். காலை எட்டு நாற்பதுக்கு என் அறை போன் அடித்தது, டெப்போவிலிருந்து ஒட்டடைக்குச்சி. "அக்கா, பதினாலு பாலத்துல நின்னுபோச்சு. கியர்பாக்ஸ். முப்பத்தாறு பிள்ளைங்க. மாத்து வண்டி அனுப்பிட்டேன். ஒம்பது இருபதுக்கு உங்க வாசல்ல இருக்கும். சீட்டு டிரைவர் கையில வருது." அவ்வளவு சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

பதிவாளரிடம் ஓடினேன். வளைவுக்குத் திரை தைக்கிறவரோடு நிறம் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். "ஒம்பதுன்னா ஒம்பதுதாம்மா. ஒருத்தருக்குத் திறந்தா எல்லாருக்கும் திறக்கணும்" என்றார். ஆமாம் சார், எல்லாருக்கும்தான் என்றேன். அவர் அதற்குள் பச்சையா நீலமா என்று திரும்பிவிட்டார்.

பழைய சாவி என் வளையத்திலேயே இருக்கிறது. அறை மாற்றியபோது யாரும் திருப்பிக் கேட்கவில்லை. சைக்கிள் கொட்டகைப் பக்கம் போய் நின்றேன். வண்டி வந்ததும் மதிலோரமாக ஓடிவந்தார்கள். முதலில் வந்த பெண் கையில் சீட்டு. நான் வாங்கிப் படித்தேன்: தாமதம் நாற்பத்தைந்து நிமிடம், காரணம், எண்ணிக்கை, முத்திரை. அழகான கையெழுத்து. கதவைத் திறந்தேன். முப்பத்தாறு பேரையும் எண்ணி உள்ளே விட்டேன். ஒன்பதரைக்கு ஒரு நிமிஷம் இருக்கும்போது கடைசி ஆள் ஹாலுக்குள் போய்விட்டான். இந்தத் தடவை பூட்டை இழுத்துப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது, தம்பி. இதற்குத்தான் இருபத்திரண்டு வருஷம்.

பைகளை உள்ளே கொண்டுபோகக் கூடாதே. பை வைக்கிற அறை முன்வாசலில் இருக்கிறது. "இங்க வச்சுட்டுப் போங்க, நான் இருக்கேன்" என்றேன். முப்பத்தாறு பைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். வெயில் முதலில் காலுக்கு வந்தது, பிறகு மடிக்கு, பிறகு முகத்துக்கு. பைகளிலிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. இன்னொருவரின் பையைக் காத்துக்கொண்டு மூன்று மணி நேரம் என்றால் எவ்வளவு என்று நீ ஒரு நாள் உட்கார்ந்து பார்.

பத்து மணிக்குப் பதிவாளர் வந்தார், பைகளைப் பார்த்தார், திரும்பிப் போனார். பதினொன்றுக்கு மெமோ வந்தது. விதிகளுக்குப் புறம்பாகக் கதவைத் திறந்தது உண்மையா என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். "உண்மை" என்று எழுதி, அவன் சீட்டை அதோடு குத்திக் கொடுத்துவிட்டேன். இன்னும் மூன்று வருஷ வேலை இருக்கிறது, இருக்குமா என்று தெரியாது. ஒன்பதாம் எண் வண்டிப் பல் மருத்துவரும் இருபத்தொன்றின் ஃபுட்போர்டுக்காரர்களும் துணைவேந்தருக்கு எழுதியிருக்கிறார்கள். சீட்டை ஏற்றால் சாப்பாட்டு அறையைத் தாங்களே கட்டித் தருகிறார்களாம், என்னை நீக்கினால் ஒரு செங்கல்கூடக் கிடையாதாம். துணைவேந்தர் கேட்ட பெருமை இதுதான் என்று யாராவது அவருக்கு எடுத்துச் சொன்னால் நல்லது.

பன்னிரண்டுக்கு ஷிஃப்ட் முடிந்து அவன் வந்தான். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான், காலை நீட்ட இடமில்லாமல் மடக்கி வைத்துக்கொண்டான். சாய்ந்திருந்த ஒரு பையை நிமிர்த்தி வைத்தான். பிறகு சொன்னான்:

"அன்னைக்கு முடியாதுன்னீங்க, இன்னைக்குத் திறந்துட்டீங்க. எனக்கு இது போதும்க்கா. அத நான் இப்ப மறந்துட்டேன்."

நான் செய்யாத குற்றத்துக்கு என்னை மன்னித்தான், தம்பி. "அவன் கேட்கவேயில்லை" என்று சொல்ல இரண்டு நொடி போதும். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். உன்னைக் காப்பாற்ற இல்லை. அதை அவன் உன் வாயால் கேட்கவேண்டும். இத்தனை வருஷம் சுமந்த பழியை இன்னும் சில நாள் சுமக்க எனக்குத் தெம்பு இருக்கிறது. சில நாள்தான்.

இதற்குப் பதில் எழுதாதே. தைலம் வேண்டாம், காசோலை வேண்டாம், மழை எப்படி என்று வேண்டாம். புறப்பட்டு வா. அவனுக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட், பன்னிரண்டு மணிக்கு டெப்போ வாசலுக்கு வருவான். அங்கே போய் நில். சொல்லவேண்டியதைச் சொல். இத்தனை தாமதத்துக்கு மட்டும் அவனிடம் சீட்டு கேட்காதே.

அக்கா